தோன்றல், திரிதல், கெடுதல்: துறைமுக நகரில் ஒரு கிற்றார் அம்பின் கரகரப்பு

திருகோணமலையில் உப்பு ஊர்ப் பெயர்களிலேயே ஊறிக் கிடக்கிறது. நகருக்கு வடக்கே உப்புவெளி. வெள்ளைக்காரர் ஓர்ஸ் ஹில் என்ற மேடு தமிழ் வாயில் உவர்மலை ஆயிற்று. மேற்கே உட்துறைமுகம், கிழக்கே டச்சுக்குடாவும் பின்குடாவும். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்று ஏதோ ஒரு நீர்ப்பரப்பைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. யன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, சைக்கிள் செயின் இறுகுகிறது, கிற்றாரின் இரும்புத் தந்தி சில வாரங்களில் கறுக்கிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதே காற்று கிற்றாருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அம்ப் பெட்டிக்குள்ளும் புகுகிறது. அங்கே அது செய்யும் வேலை காதுக்குத்தான் தெரியும்.

படுக்கையறையில் பயிற்சி செய்யும் மாணவன், ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவோடு வாசிப்பவர், கலியாண வீட்டுக்குப் பைலா ஒத்திகை பார்க்கும் குழு என்று எல்லோரும் ஒரு நாள் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள்: "நேற்று வரைக்கும் நல்லா இருந்தது, இப்ப கரகரக்குது." பேசப்படுவது பெரும்பாலும் 5 முதல் 20 வாற் வரையிலான, ஆறு அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட, ஒரு கையால் தூக்கிச் செல்லும் பெட்டி. ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜி, மார்ஷல் எம்ஜி 10, வொக்ஸ் பாத்பைண்டர் 10 ஆகியவை இந்த வகையில் உலகம் முழுக்கப் பரவியவை. மூன்றும் 10 வாற்.

முறைப்பாட்டுக்குத் தயாராக நாலைந்து பதில்கள் ஊரில் உண்டு. "ஸ்பீக்கர் அடிச்சுப் போச்சு." "ஐசி போச்சு." "கறண்ட் சரியில்லை." "சின்ன அம்ப் அப்படித்தான்." "கடற்காற்று." ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு, எது எந்த இடத்தில் உண்மை என்பதே கேள்வி. அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

வேண்டிய கரகரப்பு

"வேண்டாத" என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மின்கிற்றாரின் வரலாற்றில் பாதி, பழுதை விரும்பியவர்களின் வரலாறு. 1951இல் மெம்பிஸ் நகரில் 'ரொக்கெட் 88' பதிவானபோது, வழியில் அடிபட்ட ஒரு அம்பின் ஸ்பீக்கரில் காகிதம் அடைத்து வாசித்தார்கள். அந்த உறுமலே பாட்டின் அடையாளமாயிற்று. 1958இல் லிங்க் ரே 'ரம்பிள்' ஒலிக்காகத் தன் ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டார். 1961இல் வெளிவந்த மார்ட்டி ரொபின்ஸின் ஒரு பாடலில், பதிவு மேசையின் பழுதான ஒரு வழித்தடம் தற்செயலாகத் தந்த ஒலியே 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன்' என்ற கருவி பிறக்கக் காரணம். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சிறிய எல்பிகோ அம்ப் ஒன்றின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர அலகால் கீறினார். அது நம் வீட்டுப் பயிற்சி அம்ப் போன்றதொரு சின்னப் பெட்டிதான்.

நமக்கும் இது புதிதன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலைச் செருகுகிறோம். தந்தி குதிரையை மெல்ல உரசி, மேல்சுரங்களைப் பொழிகிறது. அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். இரைச்சலைத் தரும் நூலுக்கு உயிர் என்று பெயர் வைத்த மரபு நமது. ஆனால் நூலை எங்கே நிறுத்துவது என்பது வாசிப்பவரின் கையில் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையில் கிற்றாரை வீட்டு வாத்தியம் ஆக்கிய நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் வழி வந்த மெட்டுகளுக்குத் தெளிந்த தட்டும் துள்ளலும் வேண்டும். அங்கே கேளாமல் வரும் கரகரப்பு விருந்தில் விழுந்த மணல். கேட்டு வந்தால் அணி, கேளாமல் வந்தால் பழுது.

மூன்று விகாரம்

"கரகரப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் வாடிக்கையாளர் பல வேறு நோய்களைப் போட்டுக் கொடுக்கிறார். பிரித்துக்கொள்ள நமக்கு நன்னூலே ஒரு சட்டகம் தருகிறது. இரு சொற்கள் சேரும் இடத்தில் நிகழும் மாற்றத்தை அது மூன்றாக வகுக்கிறது: புதிதாக ஓர் எழுத்து வந்தால் தோன்றல், ஒன்று இன்னொன்றாக மாறினால் திரிதல், இருந்தது மறைந்தால் கெடுதல். எதுவும் மாறாமல் சேர்ந்தால் இயல்பு.

அம்பின் ஒலிக்கும் இது பொருந்தும். தந்தியில் இல்லாத ஒன்று ஸ்பீக்கரில் கேட்டால் தோன்றல்: உறுமல், சீறல், வானொலிக் குரல், பலகையின் நடுக்கம். தந்தியின் அலை வடிவம் மாறி வந்தால் திரிதல்: தலை வெட்டுண்ட அலை, நடுவில் முறிந்த அலை. ஒலி விட்டுவிட்டு வந்தாலோ மெலிந்தாலோ கெடுதல். வகை தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்குகிறது. சட்டகத்தில் இன்னொரு பாடமும் உண்டு. விகாரம் பெரும்பாலும் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் தொடும் இடத்தில் நிகழ்கிறது. அம்பிலும் பெரும்பாலான பழுதுகள் அப்படி ஒரு தொடுமிடத்தில்தான் இருக்கின்றன என்பது கீழே படிப்படியாகத் தெரியவரும்.

திரிதல்: பாத்திரம் நிரம்பும்போது

உயர்தர பௌதிகம் படித்தவர்களுக்குச் செயற்பாட்டு விரியலாக்கி நினைவிருக்கும். வழங்கிய வோல்ற்றளவுக்கு மேல் அதன் வெளியீடு போகாது. அந்த எல்லையைத் தொட்டதும் நிரம்பிவிடும், அலையின் தலை தட்டையாகிவிடும். பரீட்சைத் தாளில் வரைந்த அந்தத் தட்டைத் தலைதான் அறையில் கேட்கும் கரகரப்பு.

எண்களில் பார்ப்போம். சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப் ஏறக்குறைய 100 மில்லிவோல்ற் தருகிறது; இரட்டைச் சுருள் பிக்கப்பை ஓங்கி மீட்டினால் உச்சம் 1 வோல்ற்றையும் எட்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் 10 வாற் பிறக்க 9 வோல்ற் அளவும், அலையின் உச்சத்தில் 12.6 வோல்ற்றும் வேண்டும். உள்ளே இருக்கும் மின்வழங்கல் 15 வோல்ற் என்று வைத்தால், இழப்புகள் போக மிச்சம் எதுவும் இல்லை. எனவே முதல் சந்தேகம், பாத்திரம் சின்னதா, ஊற்றுவது அதிகமா என்பதே.

ஊற்றுவது அதிகமாகும் வழிகள் பல. கீபோர்ட்டைக் கிற்றார் துளையில் செருகுவது ஒன்று. அதன் வெளியீடு கிற்றாரைவிடப் பல மடங்கு வலுவானது. பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே உயர்த்துவது இன்னொன்று. அப்போது சமிக்ஞை கூடுவதோடு காந்தம் தந்தியையே இழுத்து, சுரத்தைத் தள்ளாட வைக்கும். கெயின் திருகியைப் பாதிக்கு மேல் வைத்து மாஸ்டரைக் குறைத்து வாசித்தால் முதற்கட்டமே நிரம்பிவிடும். சத்தம் சிறிதாக இருந்தும் கரகரக்கும். இங்கே பழுது எதுவும் இல்லை. கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டினால் தீர்ந்தது.

பாத்திரம் சின்னதாவது இன்னொரு பக்கம். மண்டபத்தில் மேளத்துக்கு ஈடாக வாசிக்க 10 வாற் போதாது என்று 20 வாற் தேடுவார்கள். கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். மின்கலத்தில் ஓடும் உள்ளங்கை அம்புகளின் கதை இன்னும் சுவையானது. அவற்றில் பலவற்றின் இதயம் எல்எம் 386 என்ற ஐசி. 6 வோல்ற்றில் அது 325 மில்லிவாற் தரும் என்று தயாரிப்பாளரின் தாள் சொல்கிறது. அந்த அளவே 10 வீதத் திரிபோடு எடுத்த அளவு என்பதும் அதே வரியில் இருக்கிறது. "சின்ன அம்ப் அப்படித்தான்" என்ற பதில் இங்கே முழு உண்மை.

பாத்திரத்தை மின்சாரமும் சுருக்கலாம். சீராக்கி இல்லாத சாதாரண மின்வழங்கலில், வீட்டு மின்னழுத்தம் 10 வீதம் விழுந்தால் உள்ளே உள்ள வோல்ற்றும் 10 வீதம் விழும். கிடைக்கும் உச்ச வலு 19 வீதம் குறையும். மாலை ஏழு மணிக்கு மட்டும் கரகரத்து, இரவு பத்துக்கு மேல் தெளிகிற அம்பை இந்த வகையில் சேர்க்கலாம். கிற்றாருக்குள்ளும் இதே நோய் வரும். உள்ளே 9 வோல்ற் பற்றரி உள்ள கிற்றாரில், பற்றரி இறங்க இறங்க ஒலி காய்ந்து பொரபொரக்கும். வயரைச் செருகியபடி விட்டால் அந்தப் பற்றரி வாசிக்காமலே தீர்கிறது, ஏனெனில் துளையில் பிளக் நுழைவதே அதன் சுவிச். அம்பைத் திருத்தகத்துக்குத் தூக்குமுன் பற்றரியை மாற்றிப் பார்ப்பது சில நூறு ரூபாய் வேலை.

திரிதலில் எதிர்மாறான வகையும் உண்டு. மேலே சொன்னவை சத்தம் கூடும்போது வருபவை. இது சத்தம் குறையும்போது வரும்: மீட்டிய சுரம் அடங்கும் வேளையில் அதன் வால் மட்டும் கிழிந்த துணிபோல் பிரிந்து கேட்கும். இறுதிக் கட்டத்தில் அலையின் மேற்பாதியை ஒரு திரான்சிற்றரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. ஒன்று விட்டு மற்றது பிடிக்கும் நொடியில் இரண்டும் சற்றே விழித்திருக்க வேண்டும். அந்த விழிப்பைத் தரும் சிறு மின்னோட்டம் குறைந்தால் கைமாறும் இடத்தில் அலை முறிகிறது. பெரிய அலையில் அந்த முறிவு மறைந்துபோகும். சின்ன அலையில் அதுவே முழு அலையாகிவிடும். இதுவும் தொடுமிடத்துப் பழுதே.

தோன்றல்: யாருடைய குரல் இது?

உறுமலைக் கேட்டதும் அதன் சுரத்தைப் பிடிக்க வேண்டும். கிற்றார் வாசிப்பவருக்கு இதற்குக் கருவி தேவையில்லை. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டை அழுத்தினால் 98 ஹேர்ட்ஸ் ஜி சுரம். உறுமல் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹேர்ட்ஸ். மின்னோட்டத்தை நேராக்கியபின் அலையைச் சமனாக்கும் பெரிய கண்டென்சர், பாடநூல் கொள்ளளவி என்று சொல்வது, காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஓர் எட்டு கீழே, மூக்கால் முனகுவதுபோல் இரைச்சலும் கலந்து வந்தால் 50 ஹேர்ட்ஸ். வயரின் கவசம், எர்த், அல்லது பிக்கப்புக்கு அருகில் இருக்கும் மின்மாற்றி. தந்தியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் பயப்பட வேண்டாம். உடம்பு வாங்கும் இரைச்சல் தந்தி வழியே எர்த்துக்குப் போகிறது.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வீடுகளில் வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடக்கின்றன. எர்த் துளைக்குள் பேனாவைக் குத்தி இரண்டு பின் பிளக்கை நுழைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் பார்த்தது. உறுமல் போக எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. 1972இல் வேல்ஸின் சுவொன்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி அங்கேயே இறந்தார். கிற்றார்த் தந்தி அம்பின் எர்த்தோடு இணைந்தது. ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் என்றால் உடம்பே இணைப்பு வயர். உறுமல் எவ்வளவு தொல்லை தந்தாலும் எர்த்தில் கை வைக்கக்கூடாது.

கைபேசி தரும் 'டிக் டிக் டிக்' எல்லோருக்கும் பழக்கம். பழைய ஜிஎஸ்எம் கைபேசி வினாடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் எழும் தாளம் அது; கைபேசியை அம்பின் தலையிலிருந்து எடுத்தால் போகும். வானொலிக் குரல் நுழைவது இன்னும் நுட்பமானது. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலையில் சக்திமிக்க அஞ்சல் நிலையம் ஒன்றை நிறுவியது. பின்னாளில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஆக, வலுவான வானொலி அலை இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. எனினும் அலை இருந்தால் மட்டும் அம்ப் பாடாது. அதைக் குரலாக மாற்ற ஒருவழிக் கதவு ஒன்று வேண்டும். பழைய படிக வானொலிகளில் அந்த வேலையைச் செய்தது ஒரு கனிமத் துண்டைத் தொட்ட ஊசிமுனை. ஒக்சைட் படிந்த ஒரு பிளக், வெடித்த ஓர் ஈயப்பற்று அதே வேலையைச் செய்துவிடும். தோன்றலின் வேரும் தொடுமிடத்துக்கே போகிறது.

கடைசியாக, மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத தோன்றல்: தளர்ந்த திருகு, கைப்பிடியின் உலோகம், முன் வலைச்சட்டம், மேலே வைத்த சாவிக்கொத்து. குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் நடுங்கி, அடுத்த சுரத்தில் அடங்கினால் இதுவே. கைபேசியில் சுரம் எழுப்பும் செயலியைப் போட்டு, 80 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் இடமாக உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பிடிபடும்.

கெடுதல்: உப்பின் வேலை

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மாரி காலத்தில் சீசாவுக்குள் உப்பு கசிவதை எந்த அடுப்படியிலும் பார்க்கலாம். கடற்கரை நகரில், வாடை வீசும் மாதங்களில், ஈரப்பதம் அந்த எல்லையை அடிக்கடி தாண்டுகிறது. பகலில் தூளாகப் படிந்த உப்பு இரவில் உவர்நீர்ப் படலமாகிறது. மின்னை ஓரளவு கடத்தும், உலோகத்தை அரிக்கும் அந்தப் படலம் அம்புக்குள் எங்கே உட்காருகிறது? உலோகம் உலோகத்தைத் தொடும் எல்லா இடத்திலும்.

ஒரு திருத்தகத்தில் நான் கண்ட காட்சி இது. இளைஞர் ஒருவர் பெட்டியை மேசையில் வைத்தார்.

"அண்ணை, ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுது போல. புதுசு போடோணும்."

"எப்ப கரகரக்குது?"

"எப்பவும்தான்."

"எப்பவும் எண்டு ஒண்டு இல்லைத் தம்பி. சத்தம் கூட்டினாலா, குறைச்சாலா?"

இளைஞர் யோசித்தார். "மெதுவா வாசிச்சா கரகரக்குது. ஓங்கி அடிச்சாக் கொஞ்சம் தெளியுது."

திருத்துபவர் திருப்புளியைத் தேடவில்லை. லாச்சியைத் திறந்து பழைய ஹெட்போன் பிளக் ஒன்றை எடுத்தார். அம்பை நிறுத்திவிட்டு, ஹெட்போன் துளைக்குள் அதைப் பதினைந்து இருபது தரம் செருகி இழுத்தார். தொடுகைக்கான ஸ்பிரேயை ஒரு சொட்டு அடித்து மறுபடியும் இழுத்தார். அம்பைப் போட்டார். ஒலி கழுவி எடுத்ததுபோல் வந்தது.

நடந்தது என்ன? பெரும்பாலான பயிற்சி அம்புகளில் ஸ்பீக்கருக்குப் போகும் மின் நேரே போவதில்லை. ஹெட்போன் துளைக்குள் இருக்கும் மெல்லிய உலோக இதழ் ஒன்றின் வழியே போகிறது. ஹெட்போனைச் செருகினால் இதழ் விலகி ஸ்பீக்கர் அடங்கும். 10 வாற்றில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஓர் அம்பியருக்கு மேல் பாயும் மின்னோட்டம் அந்த இதழ் தொடும் ஒரு புள்ளியை நம்பி இருக்கிறது. ஹெட்போன் பாவிக்காத வீட்டில் இதழ் வருடக்கணக்கில் அசைவதில்லை. அசையாத இடத்தில் ஒக்சைட் படியும். படலம் மெல்லியது, சின்ன அலைக்குத் தடை, பெரிய அலை வந்தால் உடைத்துக்கொண்டு போகும். "ஓங்கி அடிச்சாத் தெளியுது" என்ற வாக்கியம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. இடை வெளியீடும் உள்ளீடும் உள்ள அம்புகளில் அந்தத் துளைகளின் இதழ்களும் இப்படித்தான். வொலியூம் திருகியைத் திருப்பும்போது மட்டும் 'கரக்' என்றால் அதன் உள்தடம். வயரை அசைக்கும்போது மட்டும் என்றால் வயரோ துளையோ.

துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. நிக்கல் பூச்சு போனால் அடுத்த மாரிக்கு முன்னரே பச்சை பூக்கும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைக்கும்.

திறக்காமலே மூன்றாகப் பிரித்தல்

மேலே சொன்ன வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப் பெட்டியின் முகத்தில் இருக்கும் துளைகளே போதும்.

முதலில் வேறொரு கிற்றார், வேறொரு வயர். பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றி நேரே இணைக்க வேண்டும். பழுது போனால் அம்புக்கு வேலை இல்லை. ஏழாம் கட்டில் மட்டும் கரகரத்தால் தந்தி கட்டை உரசுகிறதா என்று அம்பை நிறுத்திவிட்டு வெறுங்காதால் கேட்கலாம்.

அடுத்து, ஒக்ஸ் துளையில் கைபேசியைச் செருகித் தெரிந்த பாட்டைப் போட வேண்டும். அந்தத் துளை வழக்கமாக முதற்கட்டத்தைத் தாண்டிய இடத்தில் சேர்கிறது. பாட்டு தெளிவு, கிற்றார் கரகரப்பு என்றால் பழுது முன்பாதியில். பாட்டும் கரகரத்தால் பின்பாதியில்.

மூன்றாவது, ஹெட்போன். அதில் தெளிவாகவும் ஸ்பீக்கரில் கரகரப்பாகவும் கேட்டால் மிச்சம் இரண்டே இடம்: ஸ்பீக்கர், அல்லது ஹெட்போன் துளையின் இதழ். இருபது தரம் செருகி இழுத்தும் மாறாவிட்டால் ஸ்பீக்கரைப் பார்க்கலாம்.

"ஸ்பீக்கர் அடிச்சுப் போச்சு" என்ற தீர்ப்பு இந்த மூன்றுக்கும் பிறகுதான் வர வேண்டும். பின்பலகை திறந்த பெட்டியென்றால், அம்பை நிறுத்தி, கூம்பின் இரு பக்கமும் பெருவிரல்களை வைத்து மெல்ல, சமமாக அழுத்திப் பார்க்கலாம். 'சர்' என்று உரசினால் குரல்சுருள் வளைந்திருக்கிறது அல்லது இடைவெளியில் துரு புகுந்திருக்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் இல்லை. உரசாமல் வழுக்கினால் கூம்பின் ஓரம், நடுத்தொப்பியின் பசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் முதலில் விடுவது பசை. ஒரு துளிப் பசையில் தீர்கிற ஸ்பீக்கர்கள் குப்பைக்குப் போவது உண்டு.

திறந்த பிறகு

திறப்பதென்றால் முதலில் பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் பொறுக்க வேண்டும். வால்வு அம்ப் என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே அறிவு. 5 வாற் சின்ன வால்வு அம்புக்குள்ளும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும்.

மல்டிமீற்றர் சொல்லக்கூடியவை சில. ஸ்பீக்கரைக் கழற்றி அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் காட்டும், அது இயல்பு. கிற்றார் செருகாமல் ஸ்பீக்கர் முனைகளில் நேரோட்டம் அளந்தால் சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். வோல்ற் கணக்கில் நின்றால் கூம்பு ஒரு பக்கம் தள்ளப்பட்டுக் கிடக்கிறது; ஒலி திரிவதோடு சுருளும் கருகும். "ஐசி போச்சு" என்ற பதில் பெரும்பாலும் இங்கேதான் உண்மையாகிறது. இந்த அம்புகளில் காணப்படும் டிடிஏ 2030 போன்ற ஐசிகள் சூடு மிஞ்சினால் தாமே அடங்கிக்கொள்ளும். பத்து நிமிடம் வாசித்தபின் கரகரத்து, ஆறியபின் தெளிந்தால், ஐசியை மாற்றுமுன் அது வெப்பத்தகட்டைத் தொடும் இடத்தின் பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கலாம். மேலும் கீழும் வழங்கும் வோல்ற்றுகள் சமமாக இல்லாவிட்டால் அலையின் ஒரு தலை மட்டும் வெட்டுண்ணும். உச்சி உப்பிய கண்டென்சரைக் கண்ணே சொல்லும். பத்துப் பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைவாக்கு. நம் ஊர்ச் சூட்டில் மூடிய பெட்டிக்கு அது சிறிய விடயமன்று.

இனி ஈயப்பற்று. ஸ்பீக்கரும் சேர்க்கிட்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் பலகை ஒவ்வொரு சுரத்துக்கும் அதிர்கிறது. பிளக் செருகும்போதெல்லாம் துளையின் கால்கள் ஆடுகின்றன. காலைச் சுற்றி மயிரிழை வளையம் ஒன்று வெடித்திருக்கும். அம்ப் ஓடும்போது காய்ந்த மரக்குச்சியின் நுனியால் பலகையை மெல்லத் தட்டினால், வெடித்த இடத்தில் ஸ்பீக்கர் துள்ளும். உலோகத்தால் தட்டக்கூடாது; மின்மாற்றிப் பக்கம் குச்சியும் போகக்கூடாது.

மின்சாரம், விலை, திருத்தல்

2022ஆம் ஆண்டு இந்தக் கேள்வியின் எடையை மாற்றியது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேற்றரிலும் மலிவு இன்வேர்ட்டரிலும் அம்ப் ஓட்டியவர்கள் புதிய இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். அந்த இன்வேர்ட்டர்கள் தருவது படிக்கட்டு அலை. அதன் கூரான விளிம்புகள் மின்மாற்றி வழியே 'ஜ்ஜ்' என்று ஏறிவிடும். அம்ப் மாறவில்லை, ஊட்டம் மாறியது. அதே ஆண்டில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வரும் புதிய அம்ப் எட்டாத உயரத்துக்கு ஏறியபோது, "புதுசு வாங்கு" என்ற எளிய பதில் செத்து, "என்ன பழுது?" என்ற கேள்வி உயிர்பெற்றது. அறிந்து திருத்துபவருக்கு ஒரு துளை, ஒரு கண்டென்சர், ஓர் ஐசி எல்லாம் சில்லறை. அறியாமல் மாற்றுபவருக்கு ஒரு ஸ்பீக்கர் வீண்.

முடிவாக

ஊர் தரும் பதில்களை இப்போது வரிசைப்படுத்தலாம். "சின்ன அம்ப் அப்படித்தான்" என்பது சத்தம் கூட்டும்போது மட்டும் கரகரக்கும் பெட்டிக்குச் சரி. "கறண்ட்" என்பது நேரம் பார்த்து வரும் பழுதுக்குச் சரி. "ஐசி" என்பது மீற்றர் வோல்ற் காட்டும்போதும், "ஸ்பீக்கர்" என்பது ஹெட்போனில் தெளிவு கேட்டு இதழும் சுத்தமானபின்னும் சரி. அடிக்கடி சொல்லப்பட்டு அரிதாகவே சோதிக்கப்படும் "கடற்காற்று" என்ற பதில்தான் மற்றவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது. அதைச் சோதிக்கக் கையில் ஒரு பிளக் போதும், செலவும் இல்லை. இந்தப் பதில்களில் எது பொருந்தும் என்பதை முடிவு செய்யும் கேள்வி ஒன்றே, "எப்ப கரகரக்குது?"

மாதம் ஒருமுறை எல்லாத் துளைகளிலும் பிளக்கைச் செருகி இழுப்பது, திருகிகளை முழுச் சுற்றாகப் பத்து முறை திருப்புவது, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடுவது, கடலைப் பார்த்த யன்னலடியில் பெட்டியை வைக்காமல் இருப்பது ஆகியவை உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் ஏற்ற பராமரிப்பு. காற்றின் உப்பை யாராலும் நிறுத்த முடியாது. உலோகமும் உலோகமும் தொடும் இடத்தைத் துடைத்து வைக்கலாம். அப்போது தந்தியின் ஈறும் ஸ்பீக்கரின் முதலும் எதுவும் தோன்றாமல், திரியாமல், கெடாமல் சேரும். இலக்கணக்காரர் அதை இயல்பு புணர்ச்சி என்பார்கள்.